கோளாம்பியில் ஒரு தடவை கேட்டுப் பார்

கடற்கரைக் கிராமம் ஒன்றின் திருவிழாவுக்காக நான் மிக்ஸ் செய்து கொடுத்த பாடல், கொடியேற்றத்தன்று மாலை சிலுவை நிற்கும் குருசடியருகே தென்னை மரத்தில் கட்டியிருந்த கூம்பு ஒலிபெருக்கிக் குழாயில் முதன்முறையாக ஒலித்தபோது, பல்லவியைப் பாடிய 16 பெண்களின் குரல் காணாமல் போயிருந்தது. முற்றிலும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஹார்மோனியமும் தபலாவும் தெளிவாகவே கேட்டன. சரணத்தில் வந்த தனிக்குரலும் கணீரென்று இருந்தது. பல்லவி தொடங்கியதும் மட்டும், அந்தப் பெண்கள் அனைவரும் ஒரு தகரப் பீப்பாய்க்குள் இறங்கி நின்று பாடுவது போலக் குரல் உள்வாங்கி, நடுவில் எலும்பில்லாமல் கேட்டது. மைக்செட் நடத்தும் அண்ணாச்சி ஆம்ப்ளிஃபையரின் திருகில் கையை வைத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்து, "மக்கா, பாட்டு கொள்ளாம். பாடுன பிள்ளைய எல்லாம் எங்க போச்சு?" என்றார். பாடியவர்களில் ஐந்தாறு பேர் அப்போது கொடிமரத்தருகேதான் நின்றிருந்தார்கள். அவர்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பயிற்சிக்காக மீன் விற்று முடித்த கையோடு மாலைதோறும் ஒரு மாதம் வந்துபோனவர்கள் அவர்கள். தங்கள் குரல் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்களோ என்ற எண்ணம்தான் அன்று இரவு முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை.

தக்கலையில் என் வீட்டு மாடியறைக்கு வந்ததும் அந்தக் கோப்பைத் திறந்து, எல்லா ஒலிகளும் வந்து சேரும் மாஸ்டர் தடத்தில் நான் வழக்கமாக வைக்கும் சரிபார்ப்பு பிளகின்களை, அதாவது பதிவு மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளும் சிறு கருவிகளை, ஒவ்வொன்றாக மறுபடியும் ஓடவிட்டேன். யூலீன் லவுட்னஸ் மீட்டர், பாடல் முழுவதற்குமான சத்த அளவை செவி உணரும் சத்தத்துக்கான எல்.யூ.எஃப்.எஸ். அலகில் −13.8 என்று காட்டியது, ட்ரூ பீக் என்ற உச்ச அளவு −1 டெசிபலைத் தாண்டவில்லை. ஸ்பாட்டிஃபை −14-க்குச் சமன்செய்கிறது என்பதையும், யூடியூப் அதற்கு மேற்பட்டதைக் குறைத்துவிடுகிறது என்பதையும் மனத்தில் வைத்து நான் ஒரு வாரம் உழைத்து எட்டிய எண்கள் அவை. வாக்செங்கோ ஸ்பானில் அலைவரிசைக் கோடு மேடுபள்ளமின்றி வலப்புறம் சாய்ந்து இறங்கியது. எல்லாம் சரியாக இருந்தது. பிறகுதான் ஸ்பானின் அடிப்பகுதியில், நான் பெரும்பாலும் பார்க்காமலே விட்டுவிடும் கோரிலேஷன் மீட்டரை, இட வல ஒலிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் முள்ளை, கவனித்தேன். சரணத்தில் +1-க்கு அருகில் அமைதியாக நின்ற அந்த முள், பல்லவி வந்ததும் பூஜ்யத்தை ஒட்டிச் சரிந்து, சில சொற்களில் பூஜ்யத்துக்குக் கீழேயும் போய் வந்தது. மிக்ஸ் செய்த நாட்களிலும் அது அப்படித்தான் ஆடியிருக்கும். பல்லவி அகலமாக விரிந்திருக்கிறது என்பதற்கான அடையாளமாக அதை எடுத்துக்கொண்டு, உள்ளூர மகிழ்ந்துகூட இருக்கிறேன்.

காரணம் நான் செய்த ஓர் எளிய வேலை. பெண்களின் குழுக்குரலை ஒரே ஸ்டீரியோ மைக்கில் எடுக்காமல், நேரம் போதாமையால் ஒற்றை மைக்கில் எடுத்திருந்தேன். ஹெட்போனில் அது நடுவில் குவிந்து கிடந்ததால், அதை இடப்பக்கம் தள்ளிவிட்டு, அதன் நகலை 12 மில்லி விநாடி தாமதித்து வலப்பக்கம் வைத்தேன். ஹெட்போனில் கேட்டால் கோவிலின் பாடகர் மேடை முழுவதும் கண்முன் விரிந்தது. ஆனால் திருவிழா ஆம்ப்ளிஃபையர் மோனோ. இடமும் வலமும் அதற்குள் கூடி ஒன்றாகித்தான் குழாய்க்குப் போகின்றன. ஒரே குரல் 12 மில்லி விநாடி இடைவெளியில் தன்னோடு தானே கூடும்போது, 42 ஹெர்ட்ஸில் தொடங்கி ஏறத்தாழ ஒவ்வொரு 83 ஹெர்ட்ஸுக்கும் ஒரு பள்ளம் விழுகிறது. 125, 208, 292 என்று அது மேலே மேலே சீப்பின் பற்களைப் போலப் போகிறது. பெண்குரலின் உடம்பு இருக்கும் இடம் முழுவதும் அந்தச் சீப்பால் வாரப்பட்டுவிட்டது. மென்பொருளின் மாஸ்டர் தடத்தில் மோனோ என்றொரு பொத்தான் இருக்கிறது. அதை ஒரே ஒரு முறை அழுத்தியிருந்தால் அந்தத் தகரப் பீப்பாய் என் மாடியறையிலேயே கேட்டிருக்கும்.

மறுநாள் காலையிலேயே தாமத நகலை நீக்கிவிட்டு, ஒத்திகையின்போது அதே பல்லவியை அவர்கள் இன்னொரு முறை பாடியபோது எடுத்து வைத்திருந்த பதிவை அதன் இடத்தில் வைத்தேன். ஒரே ஆட்கள், ஒரே மெட்டு, ஆனாலும் இரண்டு தனித்தனி முறை பாடியவை என்பதால் அவை கூடும்போது சீப்பு விழுவதில்லை. மோனோவில், நடுவில் இருக்கும் குரலோடு ஒப்பிட்டால் 3 டெசிபல் அளவுக்குத் தணிகிறது, அவ்வளவுதான். திருவிழாவின் இரண்டாம் நாள் முதல் அந்தப் பதிப்புதான் ஓடியது. பிழை திருந்திவிட்டது; அண்ணாச்சியின் கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. மீட்டர் எனக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. அந்த உண்மை யாருக்காக என்று நான் யோசிக்கவில்லை.

யாருடைய அறையில் கேட்கிறேன்

என் மாடியறை 10-க்கு 11 அடி. 10 அடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 57 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் ஓர் ஒலி தங்கி வீங்கும். நான் அமரும் இடத்தில் அதே ஒலி வற்றியும் போகும். ஸ்பீக்கரை நம்பி பேஸ் என்ற அடியொலியை வைத்தால் ஏமாந்துவிடுவேன். ஆனி, ஆடியில் மழை பிடித்தால் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழும் சத்தத்தில் ஸ்பீக்கரே தேவையில்லாமல் போகும். ஆகவே பெரும்பாலும் ஹெட்போன்தான். ஹெட்போனின் கோணல்களைத் திருத்த ஒரு பிளகின், பிறகு பெரிய ஸ்டூடியோக்களின் அறையை ஹெட்போனுக்குள் கொண்டுவரும் பிளகின்கள். இலண்டனில் அபே ரோடு ஸ்டூடியோ 3-இன் கட்டுப்பாட்டு அறையை அளந்து செய்த ஒன்று என்னிடம் இருக்கிறது. தலையைத் திருப்பினால் ஒலியும் திரும்புகிறது. நல்ல கருவி, எதிரொலி எவ்வளவு போட்டிருக்கிறோம் என்பதை அதில் கேட்டுத்தான் இன்றும் முடிவு செய்கிறேன்.

ஆனால் என் பாடல்களைக் கேட்பவர்கள் யாரும் அந்த அறையில் அமர்ந்து கேட்கப் போவதில்லை. குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவே உள்ள ஒரு தெருவில் வலை பின்னிக்கொண்டும், அருமனைப் பக்கம் ரப்பர் பால் எடுத்துக்கொண்டும், அரை கிலோமீட்டருக்கு அப்பால் எங்கோ கட்டியிருக்கும் குழாயிலிருந்து காற்று கொண்டுவந்து தருவதைக் கேட்பார்கள். ஆண்டுக்கு ஒரு முறை பத்து நாட்கள், காலை 5 மணிக்கும் மாலையிலும், ஊருக்கே கேட்கும்படி. பல இடங்களில் கூம்புக் குழாய்க்குப் பதில் பெட்டி ஸ்பீக்கர்கள் வந்துவிட்டன என்றாலும், தூரத்துத் தெருமுனைக்குக் குழாய்தான் என்று அண்ணாச்சியைப் போன்றவர்கள் இன்றும் நம்புகிறார்கள். மார்த்தாண்டம் பக்கத்து முதியவர்கள் அதைக் கோளாம்பி என்பார்கள். வெற்றிலை துப்பும் பித்தளைக் கோளாம்பியின் அதே வாய்.

சரிபார்ப்பதற்கென்று உலகம் கொண்டாடும் ஸ்பீக்கர்கள் எப்படி அந்த இடத்துக்கு வந்தன என்பதை நினைத்துப் பார்த்தால் எனக்கு இதில் தயக்கம் வரவில்லை. யமாஹா என்.எஸ்.10 1978-இல் வீட்டுக்கான ஸ்பீக்கராகத்தான் விற்பனைக்கு வந்தது. ஆரடோன் என்ற சிறு கனச்சதுரப் பெட்டிக்குள் இருப்பது ஒரே ஒரு கூம்பு. அதில் பேஸ் இல்லை, உச்சமும் இல்லை, நடு அலைவரிசை மட்டும்தான். காரிலும் சமையலறை ரேடியோவிலும் பாட்டு எப்படிக் கேட்கும் என்பதை ஸ்டூடியோவில் உட்கார்ந்தபடியே தெரிந்துகொள்ள அதை வைத்தார்கள். அவர்கள் தங்கள் ஊரின் ரேடியோவை மேசைமேல் வைத்துக்கொண்டார்கள் என்றால், எங்கள் ஊரின் குழாயை நான் என் மேசைக்குக் கொண்டுவருவதில் என்ன தவறு? காரையும் கைபேசியையும் மடிக்கணினியையும் போல ஒலித்துக் காட்டும் பிளகின்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். அவற்றின் பட்டியலில் தென்னை மரத்துக் குழாய் இல்லை. அளந்தால் அல்லவா இருக்கும்!

200 ஹெர்ட்ஸிலிருந்து

ஒரு ஸ்பீக்கரையும் அது ஒலிக்கும் இடத்தையும் சேர்த்துப் பிடிக்கும் வழி புதியதொன்றும் இல்லை. தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிக்குச் சீராக ஏறும் ஒரு ஸ்வீப்பை அதில் ஓடவிட்டுப் பதிவு செய்து, மென்பொருளில் தலைகீழாகக் கழித்தால், அந்த ஸ்பீக்கரின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் ஒரு சிறிய கோப்பாகக் கிடைக்கும். அதைக் கான்வல்யூஷன் பிளகினில் ஏற்றினால் எந்தப் பாட்டும் அந்த ஸ்பீக்கரில் கேட்பது போலக் கேட்கும். அடுக்குமுறையில் ஏறும் ஸ்வீப்பைப் பயன்படுத்தினால் ஸ்பீக்கரின் கரகரப்பு தனியே பிரிந்து விலகிவிடும் என்று இத்தாலியைச் சேர்ந்த ஆஞ்சலோ ஃபாரினா 2000-இல் காட்டினார். இன்று இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈ.க்யூ. விஸார்டிலேயே அந்த ஸ்வீப் இருக்கிறது. அடுத்த ஆண்டு திருவிழா முடிந்து கொடியிறங்கிய மறுநாள், குழாயை மரத்திலிருந்து அவிழ்ப்பதற்கு முன்பாக, மடிக்கணினியோடும் அளவீட்டு மைக்கோடும் நான் அந்த ஊருக்குப் போனேன்.

20 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்கும் ஸ்வீப்பைத் தயார் செய்து வைத்திருந்தேன். அண்ணாச்சி அதைக் கணினித் திரையில் பார்த்துவிட்டு, கேபிளைத் தர மறுத்தார். "கீழ சத்தத்த விட்டா யூனிட்டு போயிரும் மக்கா. அதுக்கு உள்ள இருக்கது காகிதம் கணக்கா ஒரு தகடு. குழாய் தாங்குற சத்தத்துக்குத்தான் அது அடங்கி ஆடும்; அதுக்குக் கீழ போனா அவுத்துவிட்ட கன்னுக்குட்டி போலத் துள்ளும்" என்றார். குழாயின் கூம்பு காற்றைப் பற்றிக்கொள்ளும் எல்லைக்குக் கீழே டயாபிரம் என்ற அந்தத் தகட்டுக்குப் பாரம் இல்லாமல் போய், அது அளவுக்கு மீறி ஆடிக் கிழியும் என்று நான் படித்திருந்ததை, குழாயில் ஒலியெழுப்பும் பகுதியான யூனிட்டை நாற்பது ஆண்டுகள் மாற்றிப் பழகிய அவர் தம் கையால் அறிந்து வைத்திருந்தார். ஸ்வீப்பை 200 ஹெர்ட்ஸில் தொடங்கும்படி அங்கேயே மாற்றினேன்.

அதற்குப் பிறகும் அவர் ஆம்ப்ளிஃபையரை முடுக்கவில்லை. "இது என்ன சத்தமாட்டு வரும், நீ வாயால ஊதிக் காட்டு" என்றார். தாழ்விலிருந்து மெல்ல ஏறி 20 விநாடிகளில் உச்சத்துக்குப் போகும் அந்த ஒலியை நான் வாயாலேயே செய்து காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. அது சங்கு ஊதுவது போலவே இருக்கும் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. 2004 டிசம்பர் 26-இன் சுனாமியைப் பார்த்த கரை அது. காற்றில்லாத ஒரு நண்பகலில், ஊருக்கு நடுவே உள்ள குழாயிலிருந்து எச்சரிக்கைச் சங்கு போல ஒன்று ஏறிக்கொண்டே போனால், பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு சனம் கிழக்கே மேட்டுக்கு ஓடும் என்றார். நான் மைக்கை மடக்கிப் பையில் வைக்கப் போனேன். அவர் தடுத்து, பங்கு அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்து, தாமே மைக்கை எடுத்து மூன்று முறை அறிவித்தார்: இப்போது குழாயில் ஒரு சத்தம் வரும், அது பாட்டுப் பதிவுக்காகச் சோதித்துப் பார்க்கிற சத்தம், யாரும் பயப்பட வேண்டாம். அறிவித்த பிறகும் இரண்டு பெண்கள் வீட்டு வாசலில் வந்து நின்று கடலைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

குழாயிலிருந்து 15 மீட்டர் தள்ளி, ஆள் உயரத்தில் மைக்கை நிறுத்தி, நான்கு முறை ஸ்வீப்பை ஓடவிட்டேன். இரண்டில் காகம் கரைந்துவிட்டது. ஒன்றில் வள்ளத்தின் இயந்திரச் சத்தம். நான்காவது தேறியது. ஒலி 15 மீட்டரைக் கடந்துவர எடுத்துக்கொண்ட 43 மில்லி விநாடியை முன்னால் வெட்டிவிட்டு, கோவில் சுவரில் பட்டுத் திரும்பிய எதிரொலியை மட்டும் வெட்டாமல் வைத்துக்கொண்டேன். அந்தச் சுவரும் அந்தப் பாட்டின் ஒரு பகுதிதான்.

வீட்டுக்கு வந்து அதைப் பிளகினில் ஏற்றி, பழைய பிழையான மிக்ஸை முதலில் ஓடவிட்டேன். கொடியேற்றத்தன்று கேட்ட அந்தக் குரல், எலும்பில்லாமல், அப்படியே ஹெட்போனுக்குள் வந்தது. என் கை தானாக நிறுத்தும் பொத்தானுக்குப் போய்விட்டது. கான்வல்யூஷன் குழாயின் தொனியை மட்டும் பிடிக்கும், சத்தம் கூடும்போது யூனிட் கரகரப்பதைப் பிடிக்காது என்பதால், அதற்கு முன்னால் அந்தக் கரகரப்பைக் கொடுக்கும் ஒரு சாச்சுரேஷன் பிளகினைச் சேர்த்தேன். அதன் பிறகு எனக்கும் அந்தத் தென்னைக்கும் இடையில் வேறுபாடு குறைந்துபோயிற்று.

இப்படிப்பட்ட பிளகின் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது. ஹெட்போன் திருத்தும் பிளகினை மாஸ்டர் தடத்திலேயே வைத்துப் பழகியிருந்த காலத்தில், அதை அணைக்க மறந்து ஒரு முழுத் தொகுப்பை, எட்டுப் பாடல்களை, ஏற்றுமதி செய்து கொடுத்துவிட்டேன். என் ஹெட்போனின் குறைக்கான மருந்தை ஊரார் அனைவரின் ஸ்பீக்கருக்கும் புகட்டியது போல, 8,000 ஹெர்ட்ஸை ஒட்டி எல்லாச் 'ச'கரமும் சீறியது. கொடுத்த கோப்பையும், பிளகினை அணைத்துவிட்டு மறுபடி எடுத்த கோப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒன்றின் ஃபேஸை, அதாவது அலையின் ஏற்ற இறக்கத்தை, தலைகீழாகத் திருப்பினேன். ஒன்றாக இருந்தால் இரண்டும் கழிந்து மௌனம்தான் மிஞ்ச வேண்டும்; மெல்லிய சீறலாக முழுப் பாட்டும் மிஞ்சி நின்றது. அன்றிலிருந்து கேட்பதற்கானவை எல்லாம் நான் வேலை செய்யும் ரீப்பர் மென்பொருளின் மானிட்டரிங் எஃப்.எக்ஸ். பகுதியில்தான் இருக்கின்றன. அங்கே வைத்தது செவிக்கு வரும், கோப்புக்குள் போகாது. க்யூபேஸ் வைத்திருப்பவர்களுக்குக் கண்ட்ரோல் ரூம் அதே வேலையைச் செய்யும். குழாயும் இப்போது அங்கேதான் இருக்கிறது, ஒரு பொத்தானுக்குப் பின்னால்.

குடத்தின் அடி

அதைக் கொண்டு நான் முதலில் செய்த பெரிய வேலை, ஓர் இசக்கியம்மன் கோவில் கொடை விழாவுக்கான வில்லுப்பாட்டுப் பதிவு. வலத்தே பாடுபவரையும் இடத்தே பாடுபவரையும் அவரவர் பக்கத்தில் வைத்தேன். வேறுவேறு குரல்கள் ஆதலால் மோனோவில் ஒன்றை ஒன்று தின்னவில்லை. சிக்கல் குடத்தில் வந்தது. மண்குடத்தின் வாயில் அடி விழும்போது எழும் அந்த அடிநாதம், என் பதிவில் 90 ஹெர்ட்ஸை ஒட்டி மேடாக நின்றது. ஹெட்போனில் கேட்டால் நெஞ்சுக்குள் விழும். குழாய்ப் பொத்தானை அழுத்தினேன். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏதுமில்லை. குடம் இருந்த இடத்தில் 'டொக்' என்ற ஓசைகூட இல்லை. வில்லில் கட்டிய மணிகளின் உச்சமும் போய்விட்டது. வீசுகோல் நாணில் படும் ஓசையும், உடுக்கையும், புலவரின் குரலும்தான் எஞ்சின.

குடத்தின் சத்தத்தைக் கூட்டுவது எளிது. கூட்டினால் யூடியூப்பில் கேட்பவருக்கு அது வீங்கும், குழாயில் அப்போதும் கேட்காது. ஆகவே குடத்தின் தடத்தை நகலெடுத்து, அந்த நகலில் அடி விழும் ஓசை இருக்கும் 700 முதல் 1,500 ஹெர்ட்ஸ் வரையான பகுதியை மட்டும் நிறுத்தி, சிறிது சாச்சுரேஷன் கொடுத்து, மூலத்தோடு மெல்லக் கலந்தேன். அடிநாதம் இல்லாவிட்டாலும் அதன் மேல்சுரங்கள் கேட்டால் செவி அடிநாதத்தைத் தானே வருவித்துக்கொள்ளும். மூன்று நாட்கள் அந்த ஒரு தடத்தோடு போராடினேன். ஒரு டெசிபல் கூடினால் ஹெட்போனில் குடம் பிளாஸ்டிக் வாளியாகிறது. குறைந்தால் குழாயில் மறைகிறது. எண்ணைப் பார்த்து நிறுத்த முடியாத இடம் அது. குழாய்க்கும் ஹெட்போனுக்கும் மாறி மாறிக் கேட்டு, இரண்டிலும் அது மண்ணாகவே ஒலித்த ஓர் இடத்தில் கையை எடுத்தேன். கொடையன்று பதிவு ஓடியபோது, பந்தலுக்கு வெளியே வெகுதொலைவில் நின்று கேட்டேன். குடத்தில் அடி விழுந்த இடமெல்லாம் கேட்டது.

மீட்டர்களை நான் விட்டுவிடவில்லை. −14-ஐயும் −1-ஐயும் இப்போதும் பார்க்கிறேன்; கோரிலேஷன் முள்ளை முன்னைவிட அதிகமாகப் பார்க்கிறேன். ஆனால் மிக்ஸ் செய்யத் தொடங்கும் தம்பிமார் யாராவது என்னென்ன பிளகின் வாங்க வேண்டும் என்று கேட்டால், வாங்குவதற்கு முன் உங்கள் பாட்டை உங்கள் ஊரில் யார், எதில், எவ்வளவு தூரத்தில் நின்று கேட்கிறார்கள் என்று ஒரு மாலை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள் என்கிறேன்.

போன வாரம் அண்ணாச்சி அழைத்தார். அந்தக் குழாயின் யூனிட்டில் டயாபிரம் கிழிந்துவிட்டதாம். புதியது மாட்டியிருக்கிறார், சத்தம் முன்னைப்போல் இல்லை, கொஞ்சம் கீச்சென்று வருகிறது என்றார். அப்படியானால் என் கோப்புக்குள் இருப்பது இப்போது இல்லாத ஒரு குழாய். வரும் சனிக்கிழமை நண்பகலில் வரச் சொல்லியிருக்கிறார். ஏணியைத் தாம் கொண்டுவருவதாகவும், ஊருக்கு அறிவிப்பை முந்தின நாள் மாலையே ஒரு முறை சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.